முழங்கால் தண்ணீர்

எங்கள் குப்பத்தில் அக்கரைக்கு யார் வழி கேட்டாலும் தண்ணீரைத்தான் கை காட்டுவார்கள். சித்திரையில் பழவேற்காடு ஏரி வற்றிவிடும். ஆடு ஓட்டிக்கொண்டுகூட நடந்து போவோம். வெளியூர்க்காரர்களுக்கும் கால் இருக்கிறதே, அவர்களுக்கென்ன என்பது எங்கள் கணக்கு.

அந்த அம்மாள் பொன்னேரி பஸ்ஸில் வந்து இறங்கினாள். தோளில் துணிமூட்டை, கக்கத்தில் ஒரு கோழி. நெல் விளைகிற ஊர்க்காரி. மருமகன் அக்கரையில் சவுக்குத்தோப்புக் காவலாள். அறுப்பு முடியட்டும், பிறகு மகளைப் பிரசவத்துக்கு அழைத்துவரலாம் என்று தள்ளிப்போட்டதில் வலி முந்திக்கொண்டது. காலையில் பஸ்காரர் மூலம் சேதி வந்ததாம்.

கரையில் இருந்த ஒரே படகு நைனாவுடையது. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அன்று எங்கள் பாடு. மீன் படுகிற நல்ல இடங்களில் வலை போட ஒவ்வொரு கூட்டத்துக்கும் முறை வைத்து நாள் ஒதுக்குவார்கள். அதுதான் பாடு. அந்த நாளை விட்டால் அடுத்த முறை வரும்வரை கஞ்சியில் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும்.

"யண்ணா, என்னே அக்கரையில வுட்ருண்ணா. உன் புள்ளைங்க நல்லாருக்கும்."

நைனா வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என் புள்ளைங்க நல்லாருக்கத்தாம்மா போறேன். இன்னிக்கி பாடு."

படகு போய்விட்டது. அம்மாள் மணலில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் அத்தை கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். அத்தை நைனாவின் தங்கை. புருஷன் ஏரியில் மூழ்கிப் போன பிறகு அவளுக்கு எங்கள் வீட்டில்தான் சோறு. அதற்கப்புறம் அவள் ஏரியில் கால் வைத்ததில்லை. ஆனால் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று கரையில் இருந்தபடியே சொல்லுவாள்.

"இன்னாத்துக்கு அழுவுற? முயங்கா தண்ணிதான். நடந்தே போலாம்."

"நான் கெணத்தையே எட்டிப் பாக்க மாட்டேன்க்கா."

"கோயி பயப்படுதா பாரு. அதுக்கு கீற தெகிரியம் உனுக்கு இல்ல." பிறகு என்னைப் பார்த்தாள். "ஏய், கழி நட்டுகீதே, அதுவரிக்கும் வுட்டுட்டு வாடி. தாண்டிப் போன, காலை முறிச்சிடுவேன்."

ஏரியில் காலைத் தூக்கி வைக்கக் கூடாது, தேய்த்துத் தேய்த்துப் போக வேண்டும், அப்போதுதான் சேற்றில் படுத்திருக்கும் திருக்கை மீன் கொட்டாமல் ஒதுங்கிப் போகும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தலையாட்டினாள். நாலு எட்டு தேய்ப்பாள், பிறகு நாற்று நடுகிறவள் மாதிரி காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைப்பாள். என் கையை விடவேயில்லை. கழிகள் நட்டிருந்த இடத்தில் தண்ணீர் எனக்கு இடுப்புக்கு வந்தது.

"இதுக்கப்பறமும் முயங்காதானாடி?"

"அத்தை சொல்லிச்சி" என்றேன்.

கோழியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். நான் திரும்பி வந்தேன். அத்தை கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தூரத்துப் புள்ளி வெயிலின் பளபளப்பில் கரைந்ததும், "போய்ட்டா" என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

அன்று எங்களுக்கு இறால் நன்றாகப் பட்டது. அடுத்த நாளிலிருந்து அக்கரைப் படகு எது வந்தாலும் அத்தை போய் நின்றாள். கடைசியில் கிளிஞ்சல் ஏற்றிவந்த ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

"தோப்புக்காரன் ஊட்லயா? பொட்டப்புள்ள பொறந்துகீது."

"அம்மாக்காரி கூட இருந்தாளா?"

"அத்த நான் இன்னாத்துக்கு கேக்கப் போறேன்?"

"கையில கோயி வச்சிருந்தா."

"தோப்பு முச்சூடும் கோயிதான் மேயுது. எத்தன்னு பாக்கறது? நீ இன்னா, அவளுக்கு ஒறவா?"

அத்தை கருவாடு புரட்டத் திரும்பி நடந்தாள்.

பின்னாளில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுச் செங்கல் சூளை, இறால் கம்பெனி என்று நான் ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறேன். 'பக்கம்தான், நடந்தே போலாம்' என்று சொல்லாத ஊரே கிடையாது. சொல்கிறவர்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள்.

கிளிஞ்சல் படகு போன அன்று சாயங்காலம் அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏரியில் இறங்கினாள். முழங்கால் வந்ததும் நின்றாள். குனிந்து, தண்ணீர் காலில் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இன்னும் ஓர் அடி வைத்தாள். கால் கழுவுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் நண்டு பிடிக்கப் போய்விட்டேன்.