நூல் கோனில் உரம்

குன்னத்தூருக்கு முன்னால் பஸ் பஞ்சராகி நிற்கிறது. டிரைவர் ஜாக்கி தேடுகிறார். சாலையோர மக்காச்சோளக் காட்டில் ஓர் அம்மா வேலை செய்கிறார். பனியன் கம்பெனியில் நூல் தீர்ந்து எறிந்த அட்டைக் கோன்தான் அவருக்குப் புனல். ஒவ்வொரு செடிக்கும் நாலு விரல் தள்ளிக் குழி பறித்து, கோன் வழியாக உரம் விட்டு, மண் தள்ளி மூடுகிறார்.

"வீசிவிட்டால் சீக்கிரம் முடியுமே?" என்கிறேன், பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பில் நின்று.

"வீசுனா களைதானுங்க திங்கும். அப்புறம் மண்ணு வருசா வருசம் இன்னும் உரம் கேக்குமுங்க."

பக்கத்துக் காட்டைக் காட்டுகிறார். களை முழங்கால் உயரம் செழித்திருக்கிறது. மக்காச்சோளம் மஞ்சளாக நிற்கிறது.

"அது யாருதுங்க?"

"எங்கண்ணனுதுங்க."

"அவர்கிட்டச் சொல்லலாமே?"

அடுத்த செடிக்கு நகர்கிறார்.

"எப்படிச் சொல்றதுங்க? ஊருக்கே உரம் விக்கிற கடை அவருதுதானுங்க."