சென்னியம்மாள் பறிக்கவிடாத அரசாணிக்காய்

திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் வந்து, அங்கிருந்து எருமப்பட்டிக்கு இன்னொரு பஸ் பிடித்து, அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது சென்னியம்மாளின் கையில் ஒரு துணிப்பை மட்டும்தான் இருந்தது. புருஷன் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போய் போர்வெல் போடுகிறவன். வீட்டுக்கு வருகிற நாளெல்லாம் கை நீட்டுவான். கல்யாணமான நாள் தொட்டுப் பொறுத்தவள், நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு மத்தியானம் அவன் சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்ததும், சிந்திய சோற்றைக் கூட்டாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அண்ணன் பாலசுந்தரம் கெட்ட மனுஷர் இல்லை. கோழிப்பண்ணை வைத்திருந்தார், ஊரில் நாலு பேர் மதிக்கும்படி இருந்தார். அந்த மதிப்புக்குப் பயந்தே தங்கையைக் காரில் ஏற்றித் திருச்செங்கோட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். அவள் திரும்பி வந்தாள். மறுபடி விட்டார். மறுபடி வந்தாள். அதற்கடுத்த முறை அவர் கார்க் கதவைத் திறந்து நின்றபோது, அவள் வாசல்படியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"எத்தன தடவ கொண்டுபோய் உட்டாலும் வருவேனுங்கண்ணா. பஸ்ஸு இல்லீன்னா நடந்தாச்சும் வருவேன்."

கார்க் கதவு சாத்தப்பட்டது. பின்கட்டில் ஓர் அறை கிடைத்தது. அந்த அறைக்குப் பின்னால் பொடக்காளி என்கிற புழக்கடையும், அதை ஒட்டிக் கல்லும் முள்ளுமாக ஒரு துண்டு நிலமும் கிடந்தன. அண்ணி பழனியம்மாள் அதைக் காட்டி, "சும்மாதான உக்காந்திருக்கறே, அதுல ஏதாச்சும் வெதச்சுப் பாரு" என்றாள். அங்கே ஒன்றும் முளைக்காது என்பது அண்ணிக்குத் தெரியும்.

சென்னியம்மாள் அரசாணி விதை ஊன்றினாள். பரங்கி என்று மற்ற ஊர்களில் சொல்வார்களே, அதுதான். முதல் வருஷம் பண்ணையிலிருந்து கோழி எருவை அள்ளிவந்து, சூடு ஆறாமலே குழிகளில் கொட்டினாள். கொடி ஒரு முழம் ஓடியதும் இலை ஓரமெல்லாம் தீய்ந்து சுருண்டுவிட்டது. அண்ணி சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துச் சிரித்தாள். சென்னியம்மாளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எருவை ஒரு மூலையில் குவித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து, அடுத்த ஆடி வரைக்கும் மக்கவிட்டாள்.

அந்த ஆடியில் ஊன்றிய விதையில் கொடி வேலியைத் தாண்டி ஓடியது. பூவும் பூத்தது. ஆனால் பிஞ்சோடு வந்த பெண்பூவெல்லாம் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தது. பண்ணையில் ஈக்கு மருந்தடித்து மருந்தடித்து அந்தப் பக்கம் தேனீயே வருவதில்லை. பார்த்தாள். விடிந்ததும் விடியாததுமாக எழுந்துபோய், ஆண்பூவைக் கிள்ளி இதழை உரித்துவிட்டு, அதன் மகரந்தத்தைப் பெண்பூ ஒவ்வொன்றிலும் தானே தொட்டுவிட்டாள். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். அதனால் காப்பிகூடக் குடிக்காமல் இந்த வேலை. பிஞ்சு நின்றது. மயில் கொத்தவந்தபோது கிழிந்த சேலையைப் போட்டு மூடினாள். ஐப்பசி மழையில் காய் ஈர மண்ணில் அழுகிவிடாமல், ஒவ்வொன்றுக்கும் அடியில் சோளத்தட்டைப் பரப்பி மெத்தை போட்டாள். காய்கள் குடம் குடமாகப் பெருத்தன.

அண்ணன் மகள் பிரீத்திக்குக் கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் நிச்சயமானது அந்தச் சமயத்தில்தான். வீட்டுக்கு வந்த சமையல் மேஸ்திரி பொடக்காளியை எட்டிப் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, பந்திக்கு அரசாணிப் பொரியல் இங்கயே இருக்குதே" என்றார். பழனியம்மாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. யார் வந்தாலும், "எங்க தோட்டத்துக் காய்ங்க" என்று காட்டினாள்.

அதே வாரம் அண்ணன் பின்கட்டுக்கு வந்து, அறைக்குள் நுழையாமல் வெளியே நின்றபடியே பேசினார்.

"அம்மிணி, தப்பா நெனைக்காத. மாப்ள ஊட்டுக்காரங்க ஒரு மாதிரியான ஆளுங்க. சீரு செய்யறப்ப நீ முன்னால வராம, பின்னாலயே இருந்துக்க."

"எதுக்குங்கண்ணா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பதில் அவளுக்கும் தெரியும். வாழாவெட்டி. ஊரில் அந்தச் சொல்லை அவள் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் அவள் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பியபோது, கொடியில் இருந்ததிலேயே பெரிய காய் காணாமல் போயிருந்தது. காம்பு பச்சையாக வெட்டுப்பட்டுப் பால் வடித்துக்கொண்டிருந்தது. பண்ணையில் வேலை செய்யும் செங்கோடன் தலையைச் சொறிந்தான். "அம்மாதான் விருந்தாடிங்களுக்கு ஒண்ண அறுக்கச் சொன்னாங்க. அறுத்துப் பாத்தா வெளுத்துப்போய்த் தண்ணியா இருக்குது. மாட்டுக்குப் போடச் சொல்லிட்டாங்க."

சென்னியம்மாள் மாட்டுத் தொட்டிக்குப் போய் அந்தப் பாதிக் காயை எடுத்தாள். நேராக முன்கட்டுக்கு நடந்தாள். பந்தல்காரர், பத்திரிகைக்குப் பேர் எழுத வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். நடுக்கூடத்தில் அண்ணனுக்கு முன்னால் காயை வைத்தாள்.

"பாருங்கண்ணா. வெதகூடத் தொலி கட்டல. நகம் வெச்சா எறங்குது. இன்னும் இருவது நாளு கொடியில கெடந்திருந்தா இது காயி. இப்ப இது ஒண்ணுமே இல்ல."

"ஒரு காய்க்கா இப்படி ஊரக் கூட்டறே?" என்றாள் பழனியம்மாள்.

"ஒரு காய்க்குத்தானுங்க அண்ணி. இனிமே என்னயக் கேக்காம ஆரும் அந்தக் கொடியில கை வெக்கக் கூடாது. காம்பு காஞ்சு, தோலு சாம்பல் பூத்து, தட்டுனா கட்டயாட்டம் சத்தம் வரோணும். அப்பத்தான் அறுப்பேன். நாந்தான் அறுப்பேன்."

அவள் குரல் உயரவில்லை.

"கல்யாணத்துக்குக் காய் குடுக்க மாட்டியா அப்ப?" என்றார் அண்ணன்.

"குடுப்பேன். எம்பட கையில வளத்த காயி பந்தியில எலயில ஏறறப்ப, நானும் பந்தியில நிப்பேன். நானே பரிமாறுவேன். காயி வேணும், நான் வேண்டாமுன்னா, ரெண்டுமே வேண்டாம். சந்தையில வாங்கிக்கோங்க."

உள்ளறைக் கதவருகே நின்றிருந்த பிரீத்தி, "அத்த வரட்டுமேப்பா" என்றாள். பழனியம்மாள் மகளை முறைத்தாள். பிரீத்தி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "அத்த இல்லீன்னா நானும் மேடைக்கு வரல."

அதற்குப் பிறகு அண்ணன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

கார்த்திகை நடுவில் இலைகள் பழுத்துச் சரிந்தன. காம்பெல்லாம் தக்கை மாதிரி வறண்டது. காய்கள் பச்சை மறைந்து மண் நிறத்துக்கு வந்து, மேலே சாம்பல் படர்ந்திருந்தன. விரலால் கீறினால் கீறல் விழவில்லை. சென்னியம்மாள் விரல் நீளத்துக்குக் காம்பு விட்டு ஒவ்வொன்றாக அறுத்தாள். மொட்டை மாடியில் வெயிலில் சில நாள் காயவைத்து, பிறகு தன் அறையில் கட்டிலுக்கு அடியில் அடுக்கினாள். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் முதல் காயைப் பிளந்தபோது, உள்ளே செம்மஞ்சளாக, கெட்டியாக இருந்தது. மேஸ்திரி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். சென்னியம்மாள் அரக்குப் பட்டுச்சேலை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து, பொரியல் வாளியோடு முதல் பந்திக்கு வந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பத்தா சுப்பம்மாள் முதல் இலையில் உட்கார்ந்திருந்தாள். பொரியலைச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள். "நல்ல இனிப்பா இருக்குது சாமி. நீ ஆரு?"

பக்கத்தில் நின்ற பழனியம்மாள் முந்திக்கொண்டாள். "சமையலுக்கு ஒத்தாசைக்கு வந்திருக்கறாங்க."

சென்னியம்மாள் கரண்டியை வாளிக்குள் வைத்தாள்.

"இல்லீங்க. நான் பொண்ணுக்கு அத்த. எம்பட புருஷன் அடிச்சான், உட்டுப்போட்டு வந்துட்டேன். அண்ணன் ஊட்டுலதான் இருக்கறேன். காயி நான் வெளைய வெச்சது."

வரிசையில் ஒரு பெண் இலையின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள். சென்னியம்மாள் அவளைத் தாண்டிப் போகவில்லை, நின்று, "பொரியல் வேண்டாமுங்களா?" என்று கேட்டாள். அந்தப் பெண் இலையைப் பார்த்துக்கொண்டு வேண்டாமென்று தலையசைத்தாள். "செரிங்க" என்று சென்னியம்மாள் அடுத்த இலைக்கு நகர்ந்தாள். சுப்பம்மாள் மட்டும் வாளியை நோக்கி இலையை இழுத்து நகர்த்தினாள். அவளுக்கு இன்னொரு கரண்டி விழுந்தது. எல்லாப் பந்திக்கும் சென்னியம்மாளே பரிமாறினாள். பிரீத்தி தாலியோடு ஆசீர்வாதம் வாங்க வந்தபோது, எல்லார் முன்னிலையிலும் அத்தையின் காலில் விழுந்தாள்.

பழனியம்மாள் பொங்கல் வரைக்கும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணன் பேசினார், ஆனால் கண்ணைப் பார்க்கவில்லை. தை பிறந்து ஒரு காலையில் அவர் பண்ணைக்குப் போகிற வழியில், தங்கை கடப்பாரையோடு வேலிக்கு அந்தப் பக்கத்துக் கரட்டில் கல் பெயர்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"ஆரக் கேட்டு இதையும் கெளறறே?"

"ஆரயும் கேக்கலீங்கண்ணா" என்றாள் சென்னியம்மாள், அடுத்த கல்லுக்கு அடியில் கடப்பாரையைச் செருகியபடி. "கொஞ்சம் அக்கட்ட நில்லுங்க. கல்லு உருண்டு கால்ல உழுந்துரப் போவுது."