வடிகட்டியில் கிடந்த எள்

பதினேழு வருடம் பேருந்தில் டிக்கெட் சோதித்தவளுக்கு டிக்கெட்டைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தொண்டையைப் பார்த்தால் போதும். "டிக்கெட்" என்று கை நீட்டியதும், பதில் சொல்வதற்கு முன்னால் யார் எச்சில் விழுங்குகிறாரோ அவரிடம் டிக்கெட் இல்லை. நாற்பது பேர் நெருக்கியடித்து நின்றாலும் இரண்டே நிமிடத்தில் சரியாக அந்த ஆளின் முன்னால் போய் நின்றுவிடுவாள். டிப்போவில் அவளுக்குப் பருந்து என்று பெயர். காதுபடவே சொல்வார்கள். அவளும் அதைப் பட்டம் கிடைத்த மாதிரி வாங்கி வைத்துக்கொண்டாள்.

சிக்கல் என்னவென்றால், வீட்டுக்கு வந்து சீருடையைக் கழற்றி மாட்டினாலும் அந்தக் கண்ணைக் கழற்றி மாட்ட அவளுக்குத் தெரியவில்லை. ஒன்பதாவது படிக்கும் மகள் "வீட்டுப்பாடம் முடிச்சாச்சு" என்றால் நோட்டைக் கேட்க மாட்டாள், கழுத்தைப் பார்ப்பாள். கணவர் வழியில் ஒரு நண்பரைப் பார்த்ததாகச் சொன்னால் எந்த நண்பர், எந்த முனை, என்ன சட்டை என்று மூன்று கேள்வி வரும், கடைசியில் நம்பாத ஒரு "சரி" வரும். மனிதர் பாவம், உண்மையைக்கூட சாட்சியோடு சொல்லப் பழகியிருந்தார்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலில் இருக்கும் இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரிகளில் வைப்பார். கூண்டில் யாரும் எந்தக் கேள்வியும் கேட்க மாட்டார்கள். அந்த வேலை மீது அவர் உயிரையே வைத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த உயரத்துக்குத்தான் ஆபத்து வந்தது. வருடப் பரிசோதனையில் ரத்தத்தில் சர்க்கரை எகிறியிருந்தது. துறைமுக டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, சாப்பாட்டையும் மாற்றச் சொன்னார். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள். அந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி இறங்காவிட்டால் கூண்டில் ஏற விட மாட்டார்கள், கிடங்கில் உட்கார்ந்து சீட்டு ஒட்ட வேண்டியதுதான்.

"என்னைக் கீழ இறக்கிடுவாங்க போல" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனவர் குழாயை மூடவே இல்லை. வெளியே நின்று அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள் அவள்.

இரண்டு வாரம் கழித்து பேலியோ உணவுமுறையைக் கொண்டுவந்தவள் மகள். போனில் எல்லாம் படித்து முடித்துவிட்டு அப்பா முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"குகையில இருந்த மனுஷங்க என்ன சாப்பிட்டாங்களோ அதை மட்டும்தான் சாப்பிடணும்ப்பா. அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை எல்லாம் கட். கறி, முட்டை, காய், பாதாம், வெண்ணெய், அவ்வளவுதான்."

"குகை மனுஷன் ஷிஃப்டுக்குப் போனானா?" என்று கேட்டாள் பருந்து. "அவனுக்கு வேட்டை முடிஞ்சா தூக்கம். காலைல அஞ்சரைக்கு எவன் எழுந்து இதையெல்லாம் சமைக்கிறது?"

அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார். "நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து ரொட்டி சாப்பிட்டா என்னால தாங்க முடியாது. மூணு பேருமா இருந்தா இருந்துடுவேன்."

இருவரும் சரி என்றார்கள். அப்படித்தான் அது ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த வீட்டுச் சமையலறை போர்க்களம். ஒரு அடுப்பில் முப்பது முட்டை வேகும். இன்னொன்றில் கோழித் துண்டுகள் வெண்ணெயில் புரளும். கணவர் காலிஃபிளவரைத் துருவுவார். சோறு மாதிரியே இருக்கும் என்று மகள் சத்தியம் செய்திருந்தாள், வாயில் வைத்ததும் அந்தச் சத்தியம் பொய்த்தது. பாதாமை எண்ணிப் போடுவது மகளின் வேலை. ஒன்று குறைந்தால் அப்பா முறையிடுவார், ஒன்று கூடினால் அம்மா. மத்தியானத்துக்குள் ஐந்து நாளைக்கு ஆளுக்கு ஐந்து டப்பாக்கள் குளிர்பெட்டியில் அடுக்கப்பட்டுவிடும். சிவப்பு மூடி அவருக்கு, நீலம் மகளுக்கு, மஞ்சள் அவளுக்கு. இன்னொரு பக்கம் மூன்று பேர் துணியும் ஒரே சுற்றாக சலவை இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பிரித்துப் போட்டுத் துவைக்க யாருக்கு நேரம்? வீட்டில் மிச்சமிருந்த கோதுமை மாவை அவளே கீழ் வீட்டுத் தையல்காரியிடம் கொடுத்துவிட்டு, காலி டின்னைக் கழுவிக் கவிழ்த்தாள்.

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மறைத்து வைத்துக் கதை சொல்லும் பழக்கம் நமக்கில்லை. இரண்டு வாரம் ஒழுங்காக மஞ்சள் டப்பாவைச் சாப்பிட்டவள், மூன்றாவது வாரம் டிப்போ கேன்டீனில் எள் தூவிய பன் ஒன்றை வாங்கி டீயில் தோய்த்துச் சாப்பிட்டாள். அடுத்த நாளும் சாப்பிட்டாள். சர்க்கரை அவருக்குத்தானே, நாள் பூராவும் ஓடும் வண்டியில் நிற்பவள் ஆறிப்போன காலிஃபிளவரை நம்பி நிற்க முடியுமா என்று தனக்குத்தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டாள். மஞ்சள் டப்பா, ஒல்லி என்று எல்லோரும் கூப்பிடும் சக செக்கருக்குப் போனது. பேருந்து கிளம்பிவிட்டால் மிச்ச பன்னைக் காகிதத்தோடு சீருடைப் பையில் செருகிக்கொண்டு ஓடுவாள்.

இதை அவள் ஏமாற்று என்று நினைக்கவே இல்லை. டிப்போக்காரர்களுக்குப் பேருந்தில் டிக்கெட் கிடையாது, பாஸ்தான். பதினேழு வருடமாக அவளிடம் யாரும் டிக்கெட் கேட்டதில்லை. வண்டியில் எத்தனை பேர் என்று எண்ணும்போது தன்னை விட்டுவிட்டு எண்ணியே பழகியவள்.

அதனால்தான் ஏழாவது வாரம், சலவை இயந்திரத்தின் வடிகட்டியைக் கழற்றித் தட்டியபோது நூல் குப்பையில் நாலு எள் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும், அவளுக்கு ஒரே ஒரு முகம்தான் ஞாபகம் வந்தது.

வீட்டில் எள் கிடையாது. நாலையும் விரல் நுனியில் ஒற்றி எடுத்து, காலியான மாத்திரை அட்டைக்குள் போட்டு வைத்தாள். அடுத்த ஞாயிறு ஆறு கிடைத்தது. அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கணவரைக் கவனித்தாள். சட்டைப் பைகளைத் திருப்பினாள். குளிக்கப் போனதும் சாப்பாட்டுப் பையை முகர்ந்தாள். ஒன்றும் சிக்கவில்லை, அதுவே அவள் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது. நன்றாகத் துடைத்துவிட்டு வருகிறார் என்று நினைத்தாள். தினமும் இருபத்தைந்து நிமிடம் தாமதமாகவும் வருகிறார்.

"வர்ற வழியில எங்கயாவது நின்னீங்களா?"

"நடந்து வந்தேன்மா. டாக்டர் நடக்கச் சொன்னாரில்ல."

சொல்வதற்கு முன்னால் எச்சில் விழுங்கினார். அவளுக்கு அது போதும்.

இரண்டாவது ரத்தப் பரிசோதனைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை, அவருக்கு வேலை. துறைமுக வாசலுக்கு எதிரில் இருக்கும் நிழற்குடையில் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். ஷிஃப்ட் முடிந்து அவர் வந்தார். பேருந்தில் ஏறவில்லை. எதிர்ப்பக்கத்து நடைபாதையில் அவள் பின்தொடர்ந்தாள். மூன்று நிறுத்தம் தாண்டி ஒரு பேக்கரி. அதன் கண்ணாடி முன்னால் அவர் நின்றார். கைகள் இரண்டும் பாக்கெட்டில், தலை லேசாகக் குனிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பேருந்து நடுவில் வந்து நின்று ஆட்களை இறக்கியது. வண்டி நகர்ந்தபோது அவர் அங்கே இல்லை. அவளுக்குக் கோபத்தில் காது சூடேறியது. அவர் உடம்பைப் பற்றி இல்லாவிட்டாலும், தான் ஞாயிறுதோறும் கால் கடுக்க நிற்பதையாவது இந்த மனிதர் நினைத்திருக்கக் கூடாதா என்று பொருமிக்கொண்டே வேறு வழியாக வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் ஞாயிறு. மகள் துணி போட்டாள், எல்லோரும் சமைத்தார்கள், சாயங்காலம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் கவிழ்த்தாள். பத்து எள்.

"வாஷிங் மிஷின்ல கிடந்துச்சு. நேத்து பேக்கரி வாசல்ல உங்களை என் கண்ணாலயே பார்த்தேன். பூசி மெழுகாம சொல்லுங்க. எத்தனை நாளா நடக்குது?"

அவர் எள்ளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"நிப்பேன். தினமும்தான் நிப்பேன். வாசனை பிடிச்சுட்டு வந்துடுவேன். உள்ள போயிடலாம்னு கால் கிளம்பும். அப்ப உன்னை நினைச்சுக்குவேன். உனக்கு ஒரு நோயும் இல்ல. எனக்காக ஓடுற பஸ்ல நின்னுக்கிட்டு அந்த ஆறிப்போன காலிஃபிளவரைத் தின்னுட்டிருப்பியே, நான் எந்த மூஞ்சியோட உள்ள போறதுன்னு திரும்பிடுவேன்."

அங்கேயாவது அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பிடித்த பிடியை விட்டுப் பழக்கமில்லாதவள்.

"அப்ப இந்த எள்ளு எங்கேருந்து வந்துச்சு?"

மகள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். உள்ளே போய், கசங்கிய காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து எள்ளுக்குப் பக்கத்தில் வைத்தாள். எண்ணெய் படிந்த காகிதம். மூலையில் டிப்போ கேன்டீனின் முத்திரை.

"காலைல துணி போடறப்ப உன் யூனிஃபார்ம் பாக்கெட்ல இருந்துச்சும்மா. எள்ளும் இருந்துச்சு. நான் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன்."

பதினேழு வருடத்தில் எத்தனையோ பேர் அவள் முன்னால் நின்று பாக்கெட்டைத் துழாவியிருக்கிறார்கள். இப்போது துழாவ அவளுக்குப் பாக்கெட்டும் இல்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்கு முன்னால் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. அவர் அதைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"ஆறு வாரமா."

அவர் தட்டில் இருந்த காலிஃபிளவரை ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டு முடித்தார். தட்டைக் கழுவி வைத்தார். சண்டை போட்டிருந்தால் அவளுக்குப் பிழைத்துக்கொள்ளத் தெரியும். அவர் பால்கனிக் கதவைத் திறந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

திங்கட்கிழமை டிப்போவில் அவள் மஞ்சள் டப்பாவைத் திறந்து ஸ்பூனை எடுத்தாள். கை நீட்டிய ஒல்லிக்கு முகம் விழுந்துவிட்டது.

"என்னக்கா, இன்னிக்கு எனக்கு இல்லையா?"

"இனிமே உனக்கு இல்ல. நீ போய் பன் சாப்பிடு."

காலிஃபிளவர் ஈரத் துணி மாதிரி இருந்தது. அதை மென்று விழுங்கியபோதுதான் அவளுக்கு முழுதாக உறைத்தது. தினமும் அந்தப் பேக்கரி வாசலில் அவரைத் திருப்பி அனுப்பியது அவள்தான், இந்த மஞ்சள் டப்பாதான். அது பொய் என்று இப்போது அவருக்குத் தெரியும். இனி அந்த வாசலில் எதை நினைத்து அவர் திரும்புவார்? கூண்டிலிருந்து அவரை இறக்கப்போவது டாக்டர் இல்லை, அவளேதான் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பேக்கரி வாசலுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று கால் துடித்தது. பார்க்க முகமில்லை. அவர் வீட்டுக்கு வந்ததும் எதுவும் கேட்காமல் தண்ணீர் கொடுத்தாள். சட்டைப் பையைத் திருப்பவில்லை, சாப்பாட்டுப் பையை முகரவில்லை. சந்தேகம் போய்விடவில்லை, அடுப்பில் வைத்த பால் மாதிரி பொங்கிப் பொங்கி வந்தது. சோதிக்கிற உரிமை மட்டும்தான் போயிருந்தது. அந்தப் பதினொரு நாளும் அவளுக்கு ஒரு யுகம்.

முடிவு வந்த சாயங்காலம் அவர் வழக்கம்போல இருபத்தைந்து நிமிடம் தாமதமாகவே வந்தார். காகிதத்தை மேசையில் வைத்தார். மகள்தான் எடுத்துப் படித்தாள்.

"குறைஞ்சிருக்கு. அப்பா, குறைஞ்சிருக்கு."

"கூண்டுல இருக்கலாம்னுட்டாங்க" என்றார் அவர். "ஆனா இதை விட்டுடக் கூடாதாம். ஆறு மாசத்துல மறுபடி எடுப்பாங்க."

மகள் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். பருந்து பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே போகப்போனவர் திரும்பி வந்தார். கழுவுதொட்டி ஓரத்தில் அன்றைய டப்பாக்கள் இருந்தன. சிவப்பு, நீலம், மஞ்சள். மஞ்சள் மூடியைத் திறந்தார். காலி. அவள் முகத்துக்கு நேராகப் பார்த்து, அடங்கிய குரலில் கேட்டார்.

"நீதான் சாப்பிட்டியா?"

அவள்தான் சாப்பிட்டிருந்தாள். அன்றைக்கும், அதற்கு முந்திய பத்து நாளும், ஒரு பாதாம்கூட மிச்சம் வைக்காமல். சொல்வதற்கு அதைவிடச் சுத்தமான உண்மை அவளிடம் இல்லை. ஆனால் அவர் அப்படிப் பார்த்தபடி நிற்கும்போது, அவள் எவ்வளவு அடக்கியும், வாய் திறப்பதற்கு முன்னால் தொண்டை எச்சிலை விழுங்கிவிட்டது.

"நான்தான் சாப்பிட்டேன்."

பேருந்தில் அவள் முன்னால் விழுங்கிய தொண்டைகள் எல்லாம் அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தன. டிக்கெட் இதோ, இங்கேதான் வைத்தேன் என்று தேடிக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேரை அவள் தேடி முடிக்க விடாமல் இறக்கிவிட்டிருப்பாள்?

அவர் மூடியைத் திருப்பி வைத்து அழுத்தினார்.

"சரி" என்றார். அவள் சொல்லும் அதே "சரி."