தோசாக்கினும் அண்ணையின் நண்டுக் கையும்

தொண்ணூறுகளில் கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்ட்டின் ஹோலில், தரையில் ஓர் அகலமான பேசின் இருக்கும். அதில் சாண் ஆழத்துக்குத் தண்ணீர். தண்ணீரில் ஒரேயொரு மீன். தோசாக்கின் என்று ஜப்பானிலேயே அரிதாகக் கிடைக்கிற தங்கமீன் வகை. என்னோடு வேலை செய்த ஜப்பானியர் ஒருவர், தன் வீட்டில் பொரித்த குஞ்சுகளில் ஒன்றைத் தந்திருந்தார். வாலின் இரண்டு ஓரங்களும் முன்பக்கமாகச் சுருண்டு நிற்கும். ஆழமான தொட்டியில் விட்டால் நீந்தி நீந்தியே அந்தச் சுருள் கெட்டுவிடுமாம். அழகை மேலிருந்துதான் பார்க்க வேண்டும். வேலையால் வந்ததும் அதன் முன்னால் குந்திவிடுவேன். மனைவி தேத்தண்ணியை அங்கேயே கொண்டுவந்து தருவாள். சந்தோசமான காலம் அது.

ஒரு ஞாயிறு மத்தியானம் பிறம்ரனிலிருந்து அண்ணை சாப்பிட வந்தார். வெயர்ஹவுசில் வேலை, பின்னேர ஷிப்ட் இருந்தது. மீன் வந்த பிறகு அவர் வருவது அதுதான் முதல் தடவை. தரையில் பாய் விரித்து நண்டுக் கறியோடு சோறு கொடுத்தோம். டிவியில் கண்ணை வைத்தபடியே சாப்பிட்டு முடித்தவர், கை கழுவத்தான் பேசின் வைத்திருக்கிறது என்று நினைத்து, கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டு அலசினார்.

"அண்ணை, உதுக்குள்ளை மீன் நிக்குது."

"குழம்புக்கோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று, குளியலறை வாளியில் குளோரின் போக மருந்து விட்டு வைத்திருந்த மீன் தண்ணீரைத் தூக்கிவந்து மாற்றினேன். மீன் வாலைச் சுருக்கிக்கொண்டு ஒரு பக்கமாய்ச் சரிந்து கிடந்தது. விசயத்தை மனைவி விளக்கிச் சொல்ல, அண்ணையின் முகம் செத்துப் போனது. எழும்பிப்போய் வேலைக்குப் போன் எடுத்தார். வீட்டில் ஒராளுக்குச் சுகமில்லை, இன்றைக்கு வரமாட்டேன் என்றார்.

"எங்கடை கலியாணத்துக்கும் நீங்கள் ஷிப்ட் விடேல்லையே, அத்தான்," என்றாள் மனைவி. அவள் பகிடியாகத்தான் சொன்னாள். அண்ணை பேசினுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

பொழுதுபடுகிற நேரம் மீன் நிமிர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வாலை விரித்தது. நான் போட்ட தீனியை வாயில் எடுத்து, துப்பி, திரும்ப எடுத்து விழுங்கியது. எனக்கு உயிர் வந்தது.

அண்ணை மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தம்பி, உன்ரை கலியாணத்துக்கும் நான் நிண்டிருக்கோணும்."

மத்தியானத்திலிருந்து சேர்த்து வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இரவுக்குப் புட்டு அவிக்கிறாள். நில்லுங்கோ அண்ணை," என்றேன்.