தம்பானூரில் மூன்று நாள் வெளிநாடு

செல்லபாயக்காவுக்கு வியட்நாம் போக வேண்டும். கொடி பிடித்தவன் பின்னால் வரிசையாகப் போகிற பேக்கேஜ் டூர் அல்ல. தானே டிக்கெட் போட்டு, தானே ரூம் எடுத்து, பிடித்த இடத்தில் பிடித்த நேரம் நின்று பார்த்துவிட்டு வர வேண்டும். அங்கே ஆற்றின் மேல் படகிலேயே சந்தை நடக்கிறதாம். சாலைக் கடைத்தெருவில் இருபத்தாறு வருஷமாகப் பிளாஸ்டிக் வாளி விற்று, மாதாமாதம் வாடகை கட்டி நொந்துபோனவள் அவள். "வாடக இல்லாம ஒரு சந்தை எப்பிடி நடக்குன்னு என் கண்ணால பாக்கணும் சரோஜம்" என்று சொன்னபோது அவள் குரல் தழுதழுத்தது. நான் பக்கத்துக் கடை. கயிறும் சாக்கும் விற்கிறேன். வாடகை என்று கேட்டால் எனக்கும் கண் கலங்கும்.

நிறம் மங்கிய வாளிகளைத் தனியாக விற்று எண்பத்தைந்தாயிரம் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்பது நாளுக்கு அது தாராளம் என்பது அவள் கணக்கு. அவளுடைய கணவர் சத்தியநேசன் அண்ணனிடம் வேறு கணக்கு இருந்தது.

அண்ணன் அரசாங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். முடியாது என்று வாயால் சொல்ல மாட்டார். வரி வரியாகச் சேர்த்துக்கொண்டே போவார். வழி தவறினால் டாக்ஸி, குடை தொலைந்தால் குடை, செருப்பு அறுந்தால் புதுச் செருப்பு. அதிலும் இடது கால், வலது கால் என்று தனித்தனி வரி! நாற்பத்தோரு வரி எழுதிக் கூட்டியபோது இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் வந்தது. "நான் தடுக்கல்ல கேட்டியா. கணக்காக்கும் தடுக்குது" என்றார். எனக்கு வந்த கோபத்தில், கடையில்தான் கயிறு நிறைய இருக்கிறதே, இந்த மனுஷனைக் கட்டிப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அக்கா சண்டை போடவில்லை. பந்தயம் கட்டினாள். மூன்று நாள் உள்ளூரிலேயே, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தம்பானூரில் லாட்ஜ் எடுத்து, வெளிநாட்டில் இருப்பதுபோல ஊர் சுற்றுவாள். ரூம், சாப்பாடு, வண்டி எல்லாம் நாளுக்கு ஆயிரத்து ஐநூறுக்குள். "வியட்நாம் வெலயும் தம்பானூர் வெலயும் ஏகதேசம் ஒண்ணுதான்" என்று தீர்ப்பையும் அவளே சொல்லிவிட்டாள். ஜெயித்தால் அண்ணன் மறுபேச்சில்லாமல் சம்மதிக்க வேண்டும். தோற்றால் வியட்நாம் என்ற பேச்சையே அவள் எடுக்கக் கூடாது.

அண்ணன் யோசித்து ஒரு நிபந்தனை சேர்த்தார். "அங்க ஒனக்குப் பாஷ தெரியாதுல்லா? அப்ப இங்கயும் தமிழோ மலையாளமோ ஒரு வார்த்த வரப்பிடாது. மூணாம் நாள் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்."

இருபத்தாறு வருஷம் கூவிக் கூவி வாளி விற்ற வாய். அதைப் பூட்டச் சொல்கிறார்! அக்கா சரி என்றாள்.

திங்கட்கிழமை காலை லாட்ஜுக்குப் போனாள். கன்னத்தில் கை வைத்துத் தூங்குவதுபோலக் காட்டி, இரண்டு ராத்திரி என்று இரண்டு விரல் நீட்டினாள். மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். "அம்மாவினு மௌன விரதமாணோ?" அக்கா ஆமாம் என்றும் காட்டவில்லை, இல்லை என்றும் காட்டவில்லை. அவர் கும்பிட்டுவிட்டு எண்ணூறு ரூபாய் ரூமில் நூறைக் குறைத்தார். அடுத்து ஹோட்டல். அதுபோல வேண்டும் என்பதற்காக எதிரே இருந்தவரின் தட்டைக் காட்டினாள். அந்த ஆள், பாவம், தன் புட்டையும் கடலையையும் அவள் பக்கம் தள்ளிவிட்டு, காசும் கொடுத்துவிட்டுப் போனார். காலைச் சாப்பாட்டுச் செலவு பூஜ்யம்.

மியூசியத் தோட்டத்தில்தான் அதைக் கவனித்தாள். சிவப்புத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒருவர் மரத்துக்குப் பின்னால் நின்று போனில் அவளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். தொப்பி புதுசு. நடை முப்பத்தோரு வருஷமாகப் பார்க்கிற நடை. அவள் வாய் தவறிப் பேசினால் பிடிக்க வேண்டுமென்று, அவளுடைய லாட்ஜுக்கு எதிர் லாட்ஜிலேயே அண்ணன் ரூம் எடுத்திருந்தார். அந்தப் பக்கம் ஜன்னல் உள்ளது ஏசி ரூமுக்கு மட்டும்தானாம். ஆகவே ஏசி.

"என்னத்துக்குப் பொறத்தால வாறீய?" என்று கத்த அவளுக்கு நாக்கு துடித்தது. கத்தினால் பந்தயம் போச்சு. அதனால் காலால் பதில் சொன்னாள். மூன்று நாளும் பஸ் ஏறினாள். வேளி, பூவாறு, கோவளம் என்று ஒன்று பாக்கியில்லை. அதே பஸ்ஸில் ஏறினால் மாட்டிக்கொள்வோம் என்று அண்ணன் ஆட்டோவில் துரத்தினார். அவள் கடற்கரையில் உட்கார்ந்து கடலை கொறித்தாள். அவர் வெயிலில் ஆட்டோவுக்குக் காத்திருப்புக் கூலி கொடுத்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுத் தம்பானூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஐந்து நாற்பது இருக்கும். ஒரு ஆட்டோவைச் சுற்றிக் கூட்டம். நடுவில் தொப்பி கோணிப்போய் அண்ணன். கையில் காசு இல்லை. நாள் முழுக்கப் படம் பிடித்ததில் போனும் அணைந்துவிட்டது.

"காசில்லாதெ எந்தினா சாறே கேறியது? நானூற்றம்பது தா!" என்று ஆட்டோக்காரர் சட்டையைப் பிடிக்காத குறை.

கோவளம் பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கி வந்தாள். அண்ணன் அவளைப் பார்த்துவிட்டார். "எளா செல்லபாய், இவன்ட்ட சொல்லு, நான் ஒனக்க மாப்பிளயாக்கும்!"

நான் மணியைப் பார்த்தேன். இருபது நிமிஷம்தான் பாக்கி. இப்போது ஒரு வார்த்தை பேசினால் படகும் இல்லை, சந்தையும் இல்லை.

ஆட்டோக்காரர் அவளிடம் கேட்டார்: "சேச்சி, இது சேச்சியுடெ ஆளாணோ?"

அக்கா அண்ணனை மேலிருந்து கீழே பார்த்தாள். தொப்பியைக் கழற்றி முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். கூட்டம் சிரித்தது. பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினாள். ஆட்டோக்காரரிடம் மூன்று விரல் காட்டினாள். அவர் நாலரை என்றார். மறுபடியும் மூன்று. அவர் நாலு என்றார். அக்கா அண்ணனையே அவர் பக்கம் மெல்லத் தள்ளிவிட்டாள், நீயே வைத்துக்கொள் என்பதுபோல. முந்நூற்றைம்பதில் முடிந்தது. வாயைத் திறக்காமல் அவள் பண்ணிய அந்தப் பேரத்தைப் பார்த்து நான் கை தட்டியே விட்டேன்.

மறுநாள் காலை கடையில் அக்கா தன் கணக்கை வைத்தாள். ஆட்டோவுக்குக் கொடுத்ததையும் சேர்த்து மூவாயிரத்து எண்ணூற்று எழுபது. நாலாயிரத்து ஐநூறில் மிச்சமே வந்துவிட்டது. "இனி ஒங்க கணக்க எழுதுங்க" என்றாள்.

பொய் எழுத அண்ணனுக்கு வராது. அந்த மட்டில் நல்ல மனுஷன். ஏசி ரூம், ஆட்டோ, தொப்பி, கண்ணாடி, நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை என்று எழுதிக் கூட்டினார். எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. பேனாவை மூடாமல் அந்தத் தொகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் தாளின் அடியில் 'சம்மதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

போட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினார். "ரெண்டுபேரா போனா ரூம் வாடக ஆளுக்குப் பாதியாவும், கேட்டியா."

"வாடக பாதியாவும்" என்றாள் அக்கா. "நிம்மதியும் பாதியாவும்."

அன்று மத்தியானமே என் போனில் ஒரே ஒரு டிக்கெட் போட்டோம்.