ஏறாத கம்பத்துக்குக் கயிறு

நானே கட்டிய சிறு பாய்மரப் படகை டிரெய்லரில் இழுத்து வந்திருக்கிறேன். ஏரிக்குப் போகுமுன், விதிமுறைப்படி, சோளக்காடு என்ற மலையூரில் பலாப்பழக் கடைகளுக்கு எதிரே படகில் பாய்மரக் கம்பத்தை நட்டுச் சரிபார்க்கிறேன். சாய்கிறது. அதை இழுத்துப் பிடிக்கும் கம்பியின் திருகாணி, எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் சொல்லாமல் இறங்கிவிட்டது. அது இல்லாமல் இன்று படகு ஓடாது.

ஒற்றை மூங்கில் ஏணியோடு வந்த மிளகு பறிப்பவர், ஏணியைக் கட்டும் கயிற்றால் கம்பியை நான்கு சுற்றில் இறுக்குகிறார். கம்பம் நிமிர்கிறது.

“எவ்வளவு எடை தாங்கும்?” என்று முறைப்படி கேட்கிறேன்.

“இந்தக் கட்ட நம்பித்தானுங்க தெனமும் மரத்துல நிக்கறேன். உங்க துணியத் தாங்காதுங்களா?” அண்ணாந்து பார்க்கிறார். “ஏனுங்க, இதுல ஏறி என்னத்தப் பறிப்பீங்க?”

“இதுல யாரும் ஏற மாட்டாங்க.”

“அப்பப் பொழுதோட கயித்தக் கொண்டாந்து குடுத்துருங்க சாமி. விடிஞ்சா நான் ஏறோணும்.”