தோலில் தெரியாத பொடி

மூச்சு குறைகிறது என்று எனக்கு முதலில் தெரிந்தது துணி காயப்போடும்போதுதான். பிரிக்பீல்ட்ஸில் மூன்றாவது மாடி வீடு. துணி கோத்த மூங்கில் கழியைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே இருக்கும் குழாயில் செருக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து செய்யும் வேலை. அன்று கழியைப் பாதி தூக்கியதும் மார்பு அடைத்துக்கொண்டது. கழியை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு ஈரத் துணியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் கணவர் குணா ரயில்வே பட்டறையில் மெக்கானிக். சத்தம் கேட்டு ஓடி வந்தார். "என்ன ராஜி, மயக்கமா?"

மயக்கம் இல்லை. காற்று உள்ளே போனது, ஆனால் போதவில்லை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "சரியா தூங்கல, அதான்" என்றேன்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது இப்படி ஒரு போதாமை இருந்தால் அதற்குக் களைப்பு என்று பெயர் வைத்துவிடாதீர்கள். எனக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். இதில் முழுதாக நம்பத் தகுந்தவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்ரீ கெம்பாங்கானில் முகக்கிரீம் தயாரிக்கும் ஒரு சிறிய தொழிற்சாலையில், கலவை அறையில் எனக்கு வேலை. வெயிலிலிருந்து தோலைக் காக்கும் கிரீமில் ஒரு வெள்ளைப் பொடி சேர்ப்போம். பழைய பொடி கனமானது. கொட்டினால் மாவு போலப் படியும். அந்தக் கிரீமைப் பூசினால் முகம் சுண்ணாம்பு அடித்தது போல இருக்கும் என்று வாங்குகிறவர்கள் குறை சொன்னார்கள்.

பிறகு வெளிநாட்டிலிருந்து புதுப் பொடி வந்தது. அதே சரக்குதான், ஆனால் பல மடங்கு நுண்மையானது என்றார்கள். எங்கள் மேற்பார்வையாளர் மிஸ்டர் லிம் அது கலந்த கிரீமைத் தன் புறங்கையில் தேய்த்து எல்லோருக்கும் காட்டினார். வெள்ளையே தெரியவில்லை. நாங்கள் கைதட்டினோம்.

மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போது அந்தப் பொடி கீழே விழாது. புகை மாதிரி எழும்பி வெகுநேரம் அப்படியே நிற்கும். மணம் கிடையாது. தும்மலும் வராது. எங்களுக்குக் கொடுத்திருந்தது சாதாரணத் துணி முகமூடி.

முதலில் போனது கம்பெனி கிளினிக்குக்கு. "அலர்ஜி லா" என்று சொல்லி இருமல் மருந்து கொடுத்தார்கள். இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் அதே பாட்டில். மெலிந்துகொண்டே போனேன். குணாதான் பிடிவாதமாக அரசு மருத்துவமனையின் நெஞ்சு நோய்ப் பிரிவுக்கு அழைத்துப் போனார். எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் மூடுபனி போல நிழல்.

காசநோய் என்று சந்தேகித்தார்கள். அந்த ஒரு சொல் போதும். கணவரின் அக்கா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். நானே எனக்கென்று தனித் தட்டு எடுத்து வைத்துக்கொண்டேன். சளியைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். கிருமி இல்லை.

அப்போதுதான் டாக்டர் புனிதவதியைப் பார்த்தேன். நெஞ்சு நோய் நிபுணர். எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிவிட்டு, அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன வேலை செய்றீங்க?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. சொன்னேன். பொடி புகை மாதிரி எழும்பும் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். "அது என்ன பொடின்னு கேட்டுட்டு வாங்க" என்றார்.

மறுநாள் மிஸ்டர் லிம்மிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு எங்கள் எல்லார் வீட்டுக்கும் வருவார். அவர் பேசியது பாசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"ராஜி, அது பெயிண்ட்ல இருக்கு, மிட்டாய்ல இருக்கு, பல் விளக்குற பேஸ்ட்ல இருக்கு. எத்தனையோ வருஷமா ஜனங்க சாப்பிடுறாங்க. உனக்கு என்ன பயம்?"

"அப்போ கடைக்காரங்ககிட்ட மட்டும் ஏன் புதுசுன்னு சொல்லி விக்கிறீங்க, மிஸ்டர் லிம்? தோல்ல தெரியாது, இந்த மாதிரி இதுவரை வந்ததே இல்லன்னு சொல்றீங்க. அவங்களுக்குப் புதுசு, எங்களுக்கு மட்டும் பழசா?"

அவர் பேச்சை மாற்றி என்னை உட்காரச் சொல்லி, எனக்குக் குடிக்க மைலோ வாங்கி வர ஆளை அனுப்பினார். என் சந்தேகம் உறுதியானது அந்த மைலோவைக் குடிக்கும்போதுதான்.

மிஸ்டர் லிம் சொன்னதை டாக்டரிடம் அப்படியே சொன்னேன். அடுத்து பிராங்கோஸ்கோப்பி (மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு நுரையீரலுக்குள் பார்ப்பது). அப்போதே பயாப்ஸியும் (துளி அளவு சதையைக் கிள்ளி எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். தொண்டையை மரத்துப்போகச் செய்தாலும் மூழ்குவது போலத்தான் இருக்கும். ஒரு நர்ஸ் என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிடி உதவியது. உங்களுக்கும் செய்ய வேண்டி வந்தால் யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்டால் செய்வார்கள்.

சதையில் கிரானுலோமா இருந்தது (உடல் தன்னால் கரைக்க முடியாத ஒன்றைச் சுற்றிக் கட்டிவைக்கும் சிறு முடிச்சு). ஸ்டீராய்டு (உடலுக்குள் எழும் அழற்சியை அடக்கும் மருந்து) தொடங்கினார்கள். பிறகு டாக்டர் புனிதவதி ஒன்று கேட்டார்.

"எடுத்த சதையில கொஞ்சம் மிச்சம் இருக்கு. வெளிநாட்டு லேபுக்கு அனுப்பலாமான்னு பார்க்கிறேன். அங்க உள்ள மைக்ரோஸ்கோப்ல ரொம்ப நுண்ணியதும் தெரியும்."

"அதனால எனக்கு மருந்து மாறுமா டாக்டர்?"

"மாறாது."

"அப்புறம் அது யாருக்கு?"

"தெரிஞ்சுக்கிறதுக்கு. எனக்கும் ஒரு கட்டுரை எழுதக் கிடைக்கும். பொய் சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனி என்னைக் கேட்காமல் என் நெஞ்சுக்குள் ஒன்றை அனுப்பியது. டாக்டர் கேட்டுவிட்டு அதை வெளியே எடுக்கிறார். கேட்டது பெரிய வித்தியாசம்தான். ஆனாலும் இரண்டு பேருக்கும் நான் ஒரு சாமானாகத் தெரிகிறேனோ என்று மனம் அரித்தது. குணா, "வேணாம்னா விட்டுடு" என்றார். விட மனம் வரவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

மறுமுறை போனபோது சொன்னேன்: "அனுப்புங்க. ஆனா பதில் வந்தா முதல்ல எனக்குத்தான் சொல்லணும். என்னைக் கேட்காம கம்பெனிக்குச் சொல்லக்கூடாது. எங்கேயும் என் பேர் வரக்கூடாது."

"நியாயம்" என்றார்.

பல மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. டாக்டர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"பொடி இருக்கு, ராஜி. செல்லுக்கு உள்ளேயே இருக்கு. அதுல ஒரு துகள் எவ்வளவு சின்னதுன்னா, ஒரு தலைமுடியோட குறுக்கால ஆயிரத்தை வரிசையா வைக்கலாம்."

"அதனாலதான் எனக்கு இந்த நோயா?"

"இருக்கலாம். ஆனா சத்தியம் பண்ண முடியாது. அதே பொடி நோய் இல்லாதவங்க நெஞ்சுலயும் இருக்கலாம், யாரும் பார்த்தது இல்ல."

"வெளிய வந்துடுமா?"

"கொஞ்சம் வரலாம். எல்லாம் வரும்னு சொல்ல மாட்டேன்."

நான் எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார். "நிரூபணம் இல்லாம வெளிய பேசினா ஜனங்க பயந்துடுவாங்க. கொஞ்சம் பொறுங்க." அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் பொறுக்கச் சொல்கிறவர்கள் யாரும் அந்தக் கலவை அறையில் நிற்பதில்லை.

நான் வேலைக்குப் போவதை நிறுத்தியதும் என் இடத்தில் மல்லிகாவைப் போட்டிருந்தார்கள். கிள்ளானிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண், என் தோழி. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தாள், கொடுத்துவிட்டு வாசல் பக்கம் தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதே. உனக்கு டிபின்னு மிஸ்டர் லிம் சொன்னாரு."

காசநோய் இல்லை என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்ததை நானே அவரிடம் காட்டியிருந்தேன். நடந்ததை எல்லாம் அவளுக்குச் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் இறுகியது.

"டாக்டரே தெரியாதுன்னு சொல்றாங்க, நீ வந்து பயமுறுத்துறியே. எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. வேலைய விடச் சொல்றியா?"

"விடச் சொல்லல மல்லிகா. மூட்டையைப் பிரிக்கிறப்போ உள்ள நிக்காதே. தூசி இழுக்குற மெஷின் கேளு. நல்ல மாஸ்க் கேளு."

"ஒன்னு கேட்டா வேலைய விட்டு அனுப்பிடுவாங்க. உனக்குத் தெரியாதா?"

"ஒருத்தி கேட்டா அனுப்புவாங்க. எல்லாரும் சேர்ந்து கேளுங்க."

அவள் என்னை வழியனுப்பக்கூட எழுந்து வரவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, பேசாமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றியது.

இரண்டு மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. பின்னால் லோரிகளின் இரைச்சல். சாலையோரப் பொதுத் தொலைபேசியிலிருந்து பேசினாள். "அக்கா, இன்னிக்கு யாரும் கலவை ரூமுக்குள்ள போகல. நம்மகூட வேலை செய்ற மலாய்ப் பிள்ளைங்க, சீனப் பிள்ளைங்க, எல்லாரும் வெளியவே நின்னுட்டோம்." அவள் குரலில் இருந்தது பயமா, சந்தோஷமா தெரியவில்லை.

தூசி இழுக்கும் இயந்திரம் வந்தது. இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த முகமூடிகளும் வந்தன. வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர்கள் கேட்டதால் வைத்தோம், ராஜிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று மிஸ்டர் லிம் எல்லோரிடமும் சொன்னாராம். எனக்குப் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை தருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். என் நோய்க்கும் தொழிற்சாலைக்கும் தொடர்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். நான் போகவில்லை. தொடர்பில்லை என்று அவர்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் என் கையெழுத்து எதற்கு?

ஸ்டீராய்டு முகத்தைப் பூசணிக்காய் போல் ஊதவைத்தது. எந்நேரமும் பசி. அற்ப விஷயத்துக்கெல்லாம் அழுகை வந்தது. உங்களுக்கும் வரலாம், அது மருந்தின் வேலை, உங்கள் புத்தி மாறிவிடவில்லை. மருந்தைக் குறைக்கக் குறைக்க முகம் பழையபடி ஆனது. மூச்சு பெரும்பாலும் திரும்பிவிட்டது. இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையில் கல்லாவில் இருக்கிறேன். வேகமாக நடந்தால் மட்டும் நின்று நின்று போக வேண்டும்.

அண்மையில் ஒரு பத்திரிகையில் 'நானோ' என்ற சொல்லைப் படித்தேன். கண்ணுக்குத் தெரியாத சிறுதுகள்களால் நோயெல்லாம் தீரும், சாயம் போகாது, கறை படியாது என்று எழுதியிருந்தது. உண்மையாகவே இருக்கலாம். அந்தத் துகள்களை யார் மூட்டை பிரித்துக் கொட்டுவார்கள் என்று அதில் ஒரு வரி இல்லை. கடைசிவரை தேடிப் பார்த்தேன்.

வருடத்துக்கு ஒருமுறை டாக்டர் புனிதவதியிடம் போகிறேன். போன முறை கேட்டேன்: "இன்னும் இருபது வருஷத்துல எனக்கு என்ன ஆகும் டாக்டர்?"

"உங்களுக்கு முன்னால இப்படி ஒருத்தரை நான் பார்த்ததில்ல, ராஜி. யாரைப் பார்த்துச் சொல்வேன்?"

முன்பெல்லாம் உடம்பு என்பது எனக்குப் பின்னால் சத்தமில்லாமல் வேலை செய்யும் ஒன்று. இப்போது அது எனக்கு முன்னால் நடக்கிறது. நான் காது கொடுத்துக்கொண்டு பின்தொடர்கிறேன். மற்றவர்களுக்கு வயது கூடுகிறது. எனக்கோ ஒரு கேள்வி முதிர்ந்துகொண்டிருக்கிறது. அதன் விடை எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை. நான் உயிரோடு இருந்துதான் அதைச் சொல்ல வேண்டும். காலையில் விழித்ததும் அசையாமல் படுத்து ஒரு முழு மூச்சை உள்ளே இழுக்கிறேன். அது அடிவரை போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்த பிறகுதான் எழுந்திருக்கிறேன்.